மணலுக்கு அடியில் குடிநீர்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மணலைச் சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. தீவின் நாலாபுறமும் உப்புக்கடல் இருக்க, அந்த நீர் எப்படி வந்தது? மணலுக்குள் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்ததால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்புநீரை அது அண்டவிடாது. இந்தக் கரையில் கழிவுநீரைப் பற்றி எந்த முடிவெடுத்தாலும் இந்த நன்னீரை முன்வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் வாதம். இப்போது நடப்பது வேறு. கழிப்பறை என்றால் சிமெண்ட் உறை இறக்கிய குழி, இல்லையென்றால் அடித்தளம் பூசாத செப்டிக் டேங்க். குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டராவது வேண்டும் என்பது பொறியாளர்கள் வகுத்த அளவு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கடற்கரை மணலில் அந்த இடைவெளிக்கு எங்கே போவது? ஊற்றும் உறைக்குழியும் ஒரே பானையில் விட்ட இரண்டு அகப்பைகள். கழிப்பறை கட்டி முடித்ததோடு சுகாதாரம் வந்துவிட்டதாகக் கணக்கெழுதுவது இங்கே பெரும் பிழை.

மணல்தான் வடிகட்டிவிடுமே என்பார்கள். காய்ந்த மணலில் கிருமிகள் பல தங்கி மடிவது உண்மை. நீரில் ஊறிய மணலில் அவை தூரம் போகும். கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டோ கரைந்து நீரோடே போய்விடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது, ஊற்றை யார் நம்பியிருக்கிறார்கள் என்றும் கேட்கலாம். குழாய் வராத நாளில் கால்கள் ஊற்றுக்குத்தானே போகின்றன? தவிர, ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால், ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். அதில் 200 லிட்டருக்கு மேல் கழிவாகத் திரும்பும். குழாய்நீர் வந்தபிறகு இந்தக் கவலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பாதாளச் சாக்கடை போடலாமே என்றால், அது நகரத்துக்குச் சரி. சிதறிக் கிடக்கும் மீனவக் குடியிருப்புகளில், சரிவே இல்லாத தரையில், ஒவ்வொரு கட்டத்திலும் பம்பு வைத்து இறைத்தாக வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் தெருவில்.

இதற்கு வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. காவிரிக் கரையில் நீர்மட்டம் உயர்ந்த முசிறியில், ஸ்கோப் தொண்டு நிறுவனம் 2006-இல் ஒரு பொதுக் கழிப்பறை அமைத்தது. தரைக்கு மேலே கட்டிய, அடி பூசிய தொட்டிகள். மலம் தனி, சிறுநீர் தனி. ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவ வேண்டும். ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்துவார்கள். மாதங்கள் கழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது காய்ந்த உரம். மனிதர் யாரும் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை என்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். கால் கழுவும் பழக்கம் உள்ள நமக்கு இது ஒத்துவருமா என்ற தயக்கம் நியாயமானது. அதற்கென்றே கழுவ ஓர் இடம் தனியே விட்டு, அந்த நீரைச் செடிப் பாத்திக்கு அனுப்பினார்கள். சாம்பல் போட மறந்தால் நாறும் என்பதும் உண்மைதான். வீட்டுக்கு வீடு சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அதற்குக் கூலியும் வேண்டும். கட்டடத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கும் திட்டம் இதில் தோற்கும். குளிக்கிற, துவைக்கிற நீரை மலநீரோடு கலக்காமல் கல்வாழைப் பாத்தியில் விட்டால், தென்னைக்கும் முருங்கைக்கும் ஆகும். 15-ஆவது நிதிக்குழு, ஊராட்சிகளுக்கான மானியத்தில் 30 சதவீதத்தைத் துப்புரவுக்கென்றே ஒதுக்கியது. அப்படி வரும் பணத்தை உறைக்குழிக்குச் செலவிடுவதா, தரைக்கு மேல் நிற்கும் தொட்டிக்கா என்பதைக் கிராம சபையில் கேட்டுத் தீர்மானமாக எழுதவைக்கும் உரிமை, நேயர்களே, உங்கள் கையில் இருக்கிறது.