வீடு திரும்பிய சகோதரி
(ஓசூரில் கூடிய நமது சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மார்பகப் புற்றுநோய்க்கு ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் ஸ்திரீக்குக் குடும்பத்தார் ஆற்றவேண்டிய கடமை யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். 1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றிலும், 1973-இல் கித்வாய் அவர்களின் ஞாபகார்த்தமாகப் பெங்களூரிலும் புற்றுநோய் நிலையங்கள் ஏற்பட்டன. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஜனங்களுக்குப் பெங்களூர் சமீபமாகையால் பலர் அங்கே செல்லுகின்றனர். ஆயினும் ரண சிகிச்சையான சில தினங்களில் நோயாளி வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அதன்பின் பொறுப்பு நம்முடையதன்றோ?

முதலாவது, காயத்தருகே வைத்த வடிகுழாய். அதில் சேரும் நீரைக் கைகழுவிய பின் அகற்றி, அளவைத் தினந்தோறும் குறித்துவைக்க வேண்டும். அந்த அளவு குறைந்த பிறகே வைத்தியர் குழாயை எடுப்பார். 100.4 டிகிரிக்கு மேல் ஜுரமோ, காயத்தில் சிவப்போ, சீழோ கண்டால், நாளைக்குப் பார்க்கலாமென்று இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இரண்டாவது, அந்தப் பக்கத்துக் கை. சில வீடுகளில் பத்தாம் நாளே தண்ணீர்க் குடத்தைத் தூக்க விட்டுவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் அன்பின் மிகுதியால் கையை அசைக்கவே விடுவதில்லை, தோள் இறுகிப்போகிறது. பாரம் தூக்கலாகாது, ஆனால் வைத்தியர் கற்பித்தபடி விரல்களை மடக்கி நீட்டுவதும், தலைவாரிக்கொள்வதும், பின்னர்ச் சுவரில் விரல்களை மெல்ல மேலேற்றுவதும் அவசியம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால், அந்தக் கை பல மாதங்கள் கழித்தும் வீங்கக்கூடும். ஆகையால் நம் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் வேலைசெய்வோர் கையுறையின்றி முள்ளைத் தொடலாகாது.

பத்தியமென்று ஆகாரத்தைக் குறைப்பதும் தவறு. கேழ்வரகுக் களியோடு பருப்பும், கீரையும், பாலும், முட்டையும் கொடுங்கள். புண் ஆறிவிட்டதென்று எண்ணி, பாக்கியுள்ள மருந்தையும் கதிர்வீச்சுச் சிகிச்சையையும் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, சங்கத்தார் அனைவருக்கும் ஒரு விண்ணப்பம். மகளின் கலியாணம் தடைப்படுமென்று இந்நோயை மறைக்கும் தாய்மார் நம்மிடையே உண்டு. மறைத்தபடியால் உதவிக்கு ஒருவரும் வருவதில்லை. ஆறாத காயத்தோடு அவளே அடுப்படியில் நிற்கிறாள். மறுசிகிச்சைக்குச் செல்லும்போதெல்லாம் ஒரு பொய் சொல்லவேண்டியிருக்கிறது. இது தொற்றுநோயன்று. பரம்பரையாக வருவதும் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. அத்தகைய குடும்பத்துப் பெண்ணுக்கும் வேண்டியது வைத்திய ஆலோசனையே. அவளை விலக்கிவைத்தல் நியாயமாகாது. அந்தத் தாய்மார் அஞ்சுவது நமது நாவுக்கே. வரன் தேடும் வீடுகளில் இதனை ஒரு குறையாகப் பேசுவதில்லையென்று நாம் உறுதிகொண்டால், அவர்கள் மறைக்கவேண்டிய அவசியமே இராது.