கால் கிலோவின் பயன்

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்து உரமேறிய கைகளுக்குங்கூடப் பளுதூக்கற் பயிற்சியில் ஒரு தடை வருவதுண்டு. தலைக்கு மேல் 25 கிலோவை எளிதாக உயர்த்தும் இளைஞன் 27.5 கிலோவில் தளர்ந்துவிடுகிறான். தன் வலு இவ்வளவுதான் என்றெண்ணிப் பயிற்சியையே கைவிடுகிறான். குறை அவன் உடலில் அன்று, கணக்கில் உள்ளது.

தண்டின் முனைகளில் இடும் மிகச் சிறிய தட்டுப் பெரும்பாலும் 1.25 கிலோ; இரண்டும் சேர 2.5 கிலோ. 100 கிலோவைத் தோளில் ஏந்திக் குந்தி எழுபவனுக்கு இது நூற்றுக்கு இரண்டரை. 25 கிலோ உயர்த்துபவனுக்கோ நூற்றுக்குப் பத்து. கால்களுக்குப் படியாக இருப்பது தோள்களுக்குச் சுவராகிவிடுகிறது.

தமிழ்நாட்டு ஊர்களின் இளவட்டக்கல்லில் எடையைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. இரும்புத் தண்டு அத்தகையதன்று. கடைத் தராசில் நிறுத்தெடுத்த கால் கிலோ மணலைத் துணிப்பையிற் கட்டி, முனைக்கொன்றாக, ஊசலாடாதவாறு இறுகப் பிணைத்தால் ஏற்றம் அரைக் கிலோவே. நிலை பிறழாது குறித்த தடவைகள் அதனை உயர்த்திய பின்னரே அடுத்த அரைக் கிலோவை நாடவேண்டும்.

சிற்றெடையை எள்ளுதல் தகாது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேசுவரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். தங்கம் பெற்றவர் தூக்கியது 242.5 கிலோ. உலகப் போட்டி விதிகளும் இன்று ஒரு கிலோ உயர்வை ஏற்கின்றன.

நேயர்களே, அரைக் கிலோ ஐந்து முறை ஏறினால், அன்று இளைஞனைத் தளர்த்திய அதே 27.5 கிலோ அவன் தலைக்கு மேல் நிற்கும்.