பாஸ்போர்ட் அவரவர் இடுப்பில்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

காலையிலேயே சமையலை முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து உட்கார்ந்திருக்கும் என் சகோதரிகளே!

தலைவி அவர்கள் என்னை மலேசியச் சுற்றுலா பற்றிப் பேசச் சொன்னார்கள். பத்துமலையில் 272 படி ஏறியதையும், அங்கே குரங்கு என் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கியதையும் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வந்திருக்கிறேன்.

இரண்டு வருஷம் மாசாமாசம் தனியாகச் சேமித்து, பன்னிரண்டு பேர் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறினோம். நான்தான் பொறுப்பாளர். குழுவில் எல்லாருடைய பாஸ்புக்கையும் வாங்கி என் பையில் வைத்துப் பழகிய கை இது. அதே பழக்கத்தில், "தொலைச்சிடுவீங்க, குடுங்க"ன்னு பாஸ்போர்ட்டையும் கேட்டேன். மூன்று பேர் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் மூத்த அம்மா மட்டும், "என் உசுரு என் இடுப்புல இருக்கட்டும் தாயி"ன்னு சொல்லி, பெரிய சுருக்குப்பையில் போட்டுச் சொருகிக்கொண்டார். நாங்கள் கேலி செய்தோம்.

கடைசிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடைவீதி ஓரமாக நடந்து போனோம். பை என் தோளில், ரோட்டுப் பக்கமாகத் தொங்கியது. பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஒரே இழுப்பு. பையும் போச்சு, நானும் விழுந்தேன். என்னுடையதோடு சேர்த்து நாலு பாஸ்போர்ட், என் போன், எல்லாம் அதில்தான்.

சனிக்கிழமை எட்டு பேர் ஊருக்குப் புறப்பட்டார்கள். நாலு பேர் நின்றுவிட்டோம். அதில் ஒரு தங்கச்சிக்கு, புதன்கிழமை மகளோட வளைகாப்பு. அம்மா இல்லாமலேயே அது நடந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் வலிக்குது.

என்ன செய்தோம் என்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவசரத்துக்கு 999. முதலில் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதி, அதன் நகலை வாங்கினோம். சனி, ஞாயிறு அலுவலகம் இல்லை. திங்கட்கிழமை இந்தியத் தூதரகத்துக்குப் போனோம். அந்த ஊரில் அதை ஹை கமிஷன் என்பார்கள். புகார் நகல், போட்டோ, பழைய பாஸ்போர்ட்டின் நகல் கேட்டார்கள். நல்லவேளை, என் மகள் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் முன்னாடியே போட்டோ எடுத்து வைத்திருந்தாள். 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' என்று ஒன்று தருகிறார்கள். அது ஊர் திரும்ப மட்டும்தான் செல்லும். அதோடு முடியவில்லை. அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையிலும் வெளியே போக அனுமதி வாங்கணும். வியாழக்கிழமைதான் திருச்சியில் இறங்கினோம்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. தங்கின இடத்தில் ஒருத்தர் ரொம்ப அன்பாகப் பேசினார். "ஏன்க்கா கவலைப்படுறீங்க, இங்கயே வீட்டு வேலை பாருங்க, டிக்கெட் காசை எடுத்துடலாம்"னார். எங்களில் ஒருத்திக்கு ஊரில் கடன். அவள் முகம் மாறினதைப் பார்த்தேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அங்கே வேலை செய்வது சட்டப்படி குற்றம். பிடித்தால் சிறை, அப்புறம் திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட்டும் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் போய்விட்டால், சம்பளம் தராவிட்டாலும் யாரிடம் போய்க் கேட்பாள்? அன்று ராத்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டே படுத்தேன்.

விமான நிலையத்தில் "எங்க அக்காகிட்ட குடுத்துடுங்க"ன்னு யாராவது பார்சல் நீட்டினால், சொந்த ஊர்க்காரராக இருந்தாலும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. போதைப்பொருள் கடத்தலுக்கு மலேசியாவில் மரண தண்டனை வரைக்கும் உண்டு.

ஆகவே சகோதரிகளே, பாஸ்போர்ட் அவரவர் உடம்போடு இருக்கட்டும். நகல் ஒன்று வீட்டில், ஒன்று போனில், ஒன்று பெட்டியில். தூதரக நம்பரைப் பேப்பரிலும் எழுதி வையுங்கள். போன் போனால் நம்பரும் போயிடும். பணத்தை இரண்டு மூன்று இடமாகப் பிரியுங்கள். பை ரோட்டுப் பக்கம் வேண்டாம், சுவர்ப் பக்கம் இருக்கட்டும். இழுத்தால் விட்டுவிடுங்கள். பை போனாலும் உயிர் மிச்சம்.

ஊர் வந்ததும், மூன்று பேர் செலவையும் நானே தருகிறேன் என்றேன். குழு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி நான், மீதியைப் பன்னிரண்டு பேரும் பங்கு போட்டோம். தீர்மானப் புத்தகத்தில் அது இருக்கிறது. அதற்குக் கீழே நான் கேட்டு எழுத வைத்த இன்னொரு தீர்மானமும் இருக்கிறது: இனிமேல் எங்கள் குழுவில் பாஸ்புக்கும் அவரவர் கையில்தான். பொறுப்பாளர் என்றால் எல்லார் பொருளையும் வாங்கி வைத்துக்கொள்வது இல்லை. அவரவர் பொருளை அவரவர் காக்கக் கற்றுக்கொடுப்பது. அதைச் சுருக்குப்பை கட்டின அம்மாவிடம்தான் கற்றேன்.

அடுத்த வருஷமும் போகப் போகிறோம். பயந்து வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. போய் வாருங்கள், பத்திரமாக வாருங்கள்.