பொன்னில் வந்த திருமுகம்



ரோமாபுரியார் ‘ஔரியஸ்’ என்று வழங்கிய பொற்காசு, நம் வீட்டுப் பெண்கள் நன்கறிந்த பவுனுக்குச் சற்றே குறைந்த எடையுடையது. 25 வெள்ளிக்காசுகளுக்கு ஈடான அதனை ஏழை எளியவர் கண்டது அரிது. சேனாதிபதிகளும் பெருவணிகரும் அதிகாரிகளுமே அதைக் கையாண்டமையால், எவருடைய விசுவாசத்தைப் பற்றிக்கொண்டு சாம்ராஜ்யம் நிலைபெற்றதோ, அவர்களுக்குச் சக்கரவர்த்தி விடுத்த திருமுகமாகவே அது விளங்கிற்று.

அரசன் என்ற பெயரையே வெறுத்த அந்நகரில், கி.மு. 27-இல் முதல் சக்கரவர்த்தியான அகஸ்டஸ் வெளியிட்ட காசொன்றில் முடியுமில்லை, செங்கோலுமில்லை. சிறகு விரித்த கழுகொன்று, குடிமக்களின் உயிர் காத்தவனுக்குச் சூட்டும் ஓக் இலை மாலையைக் கால்களில் பற்றி நிற்கிறது. கழுகோ ஜூபிடர் தேவனின் பறவை. வாய்விட்டுச் சொல்லலாகாத ராஜரீகத்தை அப்பறவை சொல்லிவிடுகிறது.

என் மனத்தை விட்டகலாதது சக்கரவர்த்தி நீரோவின் காசு. 16 வயதில், கி.பி. 54-இல், அவன் பட்டமேறியபோது வெளிவந்த காசின் முகப்பில் மகனும் தாய் அக்ரிப்பினாவும் எதிரெதிரே நோக்கியிருக்க, சுற்றியோடும் எழுத்துக்கள் தாயின் பெயரையே சொல்கின்றன. பட்டமேறியவன் பெயர் பின்புறத்தில் இருக்கிறது. மறு ஆண்டிலோ இரு முகங்களும் ஒரே திசை நோக்குகின்றன. மகன் முன்னே, தாய் அவனுக்குப் பின்னே விளிம்பாக. பெயர்களும் இடம் மாறிவிட்டன. பிறகு அவள் முகமே காசில் இல்லை. 59-இல் மகனின் ஆணையாலேயே அவள் மாண்டாள். அந்தப்புரத்தின் பூசலை நாணயச்சாலையின் அச்சு எத்தனை ஆண்டுகள் முன்னரே அறிந்திருந்தது!

காசிலுள்ள முகம் அவ்வளவு புனிதமானது. அகஸ்டஸை அடுத்துச் சக்கரவர்த்தியான டைபீரியஸ் காலத்தில், அகஸ்டஸின் உருவம் பொறித்த காசுடன் கழிப்பிடம் புகுவதுகூட மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று என்று ரோம வரலாற்றாசிரியர் சுவேடோனியஸ் எழுதுகிறார். ஆனால் 1898-இல் நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கிடைத்த புதையலில் இருந்த 501 ரோமப் பொற்காசுகளை எண்ணிப்பாருங்கள். மிளகுக்கும் முத்துக்கும் விலையாகக் கடல் கடந்து வந்த இத்தகைய பொன்னை, இங்கே காசென்று கொள்ளாமல் எடைப்பொன்னாகவே கொண்டனர் போலும். அப்புதையலின் பெரும்பாலான காசுகளில், சக்கரவர்த்தியின் தலைமீதே, உளியால் குறுக்காக ஓங்கிய ஒரு வெட்டு விழுந்திருக்கிறது.