சோதனைக்கூடத்தில் ஒன்று, சாலையில் ஒன்று



அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக் குழு ஒன்று, 2013இல் டீசல் கார்களின் புகையை அளக்கப் புறப்பட்டது. குழுவில் மாணவர்கள் இருந்தார்கள். இந்தியாவிலிருந்து படிக்கப் போனவர்களும் இருந்தார்கள். கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டினார்கள். சோதனைக்கூடத்தில் தேறிய ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, சாலையில் அனுமதித்த அளவைப்போல 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியது.

சோதனை நடப்பதை ஸ்டீயரிங் அசைவு, வேகம் போன்றவற்றால் மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் புகையை அடக்கும் மென்பொருளை ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தார் காருக்குள் வைத்திருந்தார்கள். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை அம்பலப்படுத்தியது. உலகெங்கும் 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருப்பதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஐந்தே நாளில் தலைமை அதிகாரி மார்ட்டின் விண்டர்கோர்ன் பதவி விலகினார். அபராதம், இழப்பீடு என்று போன பணம் 3,000 கோடி யூரோவைத் தாண்டியது.

வாங்குவோர் அந்த நிறுவனத்தை ஒதுக்கினார்களா? இல்லை.

2016இல் 1.03 கோடி வாகனங்களை விற்று, டொயோட்டாவை முந்தி உலகின் முதலிடத்துக்கு வந்தது ஃபோக்ஸ்வேகன். நேர்மை தவறியவன் கடை மறுநாளே காலியாகும் என்று மேடைகளில் சொல்கிறோம். பட்டம் பெறும் நாளில் உங்களிடம் அந்தப் பாதி உண்மையைச் சொல்லக் கூடாது. மக்களின் சந்தேகம் டீசல் மீதே விழுந்தது. நகரங்களில் தடை வரும் என்ற அச்சமும் சேர, ஜெர்மனியின் புதிய கார்களில் 2015இல் ஏறக்குறைய பாதியாக இருந்த டீசல், 2018இல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒருவர் செய்த மோசடியின் சுமை தொழில் முழுவதன் மீதும் இறங்கியது.

நேர்மையாக நடந்த நிறுவனத்தின் கதையும் அவ்வளவு எளிதல்ல. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலெனால் என்ற வலிநிவாரணிக் கேப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். தவறு தன்னுடையதல்ல என்றாலும், அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. யாராவது திறந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் முத்திரையிட்ட புட்டிகளோடு கடைகளுக்குத் திரும்பியது. இழந்த சந்தையில் பெரும்பகுதியை ஓராண்டுக்குள் மீட்டது. அதே நிறுவனத்தின் குழந்தைப் பவுடர் மீது பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான வழக்குகள் குவிந்தபோது, அந்தப் பழைய நற்பெயர் அதைக் காக்கவில்லை.

நிறுவனம் மீண்டாலும் தனிமனிதர்கள் தப்பவில்லை: ஃபோக்ஸ்வேகன் வழக்கில் தண்டனை பெற்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளர். 1983 முதல் அங்கே உழைத்தவருக்கு 2017இல் 40 மாதச் சிறை கிடைத்தது. நாளை உங்கள் மேசைக்கும் ஒரு சோதனை அறிக்கையோ, கணக்கோ, விளம்பர வாசகமோ கையெழுத்துக்கு வரும். வாங்குகிறவர் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அவரிடம் புகை அளக்கும் கருவி இல்லை. எண் இடறினால் கையெழுத்தை நிறுத்துங்கள், விளக்கத்தை எழுத்தில் கேளுங்கள்.