'மேஸ்திரியிடம் விட்டுவிட்டேன்' என்றால் போதுமா?

(வணிகர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



உங்களில் பலர் கடை கட்டுகிறீர்கள். வீட்டுக்கு மாடி எழுப்புகிறீர்கள். சாரத்திலிருந்து ஒரு சித்தாள் விழுந்தால் என்ன சொல்கிறோம்? "மேஸ்திரியிடம் விட்டுவிட்டேன், எனக்கென்ன தெரியும்?"

2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 உயிர்கள் போயின. பிழைப்புத் தேடி ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஏழைகள் அதில் பலர்.

அது பெரிய கட்டடம், நமக்கென்ன என்று ஒதுங்காதீர்கள். கூரைக்குக் கான்கிரீட் போட்டால், தாங்கும் சுவர்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டுக் கம்புகள் நிற்க வேண்டும். சாதாரண சிமெண்டுக்கு இந்தியத் தர நிறுவனம் சொல்லும் கணக்கு இது. 6 மீட்டருக்கு மேல் நீண்ட உத்திரத்துக்கு 21 நாள். ஐந்தாம் நாளே கம்பைப் பிரிக்கச் சொல்வது யார்? மேஸ்திரியா? பெருநாளைக்குள் கடை திறக்கத் துடிக்கும் நாம்தான்! பலகை வாடகை ஏறுகிறதாம்!

1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமே பாதுகாப்புப் பொறுப்பை வேலை தருபவர் தலையில்தான் வைத்தது. தமிழகத்தில் 1994-லேயே இவர்களுக்கு நல வாரியம் அமைந்துவிட்டது. உங்கள் கட்டடத்தில் கல் சுமப்பவரிடம் அந்த வாரிய அட்டை இருக்கிறதா? இளைஞர்களே, படிக்கத் தெரியாதவருக்கு நீங்கள் கூடவே போய்ப் பதிவு செய்து கொடுங்கள்.

வணிகர்களே, நாளைக் காலை கடை திறக்குமுன் சாரத்தடியில் போய் நில்லுங்கள். கயிற்றுக் கட்டை இழுத்துப் பாருங்கள். தலைக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். மேஸ்திரி கோபிப்பார், கோபிக்கட்டும்.