தெரு திறந்தது, வீடு திறக்கவில்லை



இரட்டைமலை சீனிவாசனாரின் நினைவாக இங்கே கூடியிருக்கிறோம். அவர் நம் பக்கத்துக்காரர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். பொதுச் சாலைகளும் கிணறுகளும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வைத்தார். நூறாண்டு கடந்துவிட்டது. இன்று தெருவில் நடக்கிறோம். அதே தெருவில் குடியிருக்க முடிகிறதா? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வருகிறது. கோயில் நகரத்தில் அதே கேள்வி "சைவமா?" என்ற வேடத்திலும் வரும்.

வீடு நமக்கு வெறும் கூரையாக இருந்ததே இல்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். காஞ்சிபுரம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. குடிசை நிற்கும் மனையும் மிராசுதாரின் பிடியில் இருப்பதால் உழைப்பவன் வாய் திறக்க முடியவில்லை என்பதை அவர் கண்டு சொன்னார். கூலி கேட்டால் குடிசை போய்விடும். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையின் வழியே கிடைத்ததுதான் பஞ்சமி நிலம். அதை மீட்க எழுந்த காரணைப் போராட்டத்தில், 1994-இல், ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். மனைக்கும் மானத்துக்கும் உள்ள உறவை அவர்களைவிட யார் நமக்குச் சொல்லித்தர முடியும்?

இனி நம் ஊருக்கு வருவோம். பட்டு நெய்பவருக்கு வீடுதான் பட்டறை. குழித்தறிக்குத் தரை வேண்டும், பாவு நீட்டத் தெரு வேண்டும். கோர்வைச் சேலைக்குத் தறியில் இன்னொரு ஆளும் வேண்டும். தறியும் முதலாளியுடையது, கூரையும் பிறருடையது என்று வாழும் கூலி நெசவாளி கூலியைப் பற்றிப் பேசத் தயங்குகிறார். 1891-இல் மிராசுதார் கையில் இருந்த பிடிதான் இதுவும்.

வேகவதிக் கரையில் குடியிருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்பூரில் அடுக்குமாடி கட்டினார்கள். கான்கிரீட் கூரையை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் மூன்றாம் மாடியில் குழி தோண்ட முடியுமா? வீட்டுவேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் ஊருக்குள் வரவேண்டியவர்கள் பேருந்துக்கு எவ்வளவு செலவழிப்பார்கள்? குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்காமல் வரைந்த வரைபடத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடம் இருக்காது.

குடியிருப்பவர்களே சங்கம் அமைத்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சோலாப்பூரைப் பாருங்கள். அதுவும் நெசவு ஊர்தான். அங்கே பீடி சுற்றும் பெண்கள் கோதாவரி பருலேகர் பெயரில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அமைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் நரசய்யா ஆடம் முன்நின்றார். உறுப்பினர் பங்கு, மத்திய அரசின் பங்கு, மாநில அரசின் பங்கு மூன்றும் சேர்ந்து கும்பாரியில் 10,000 வீடுகள் எழுந்தன, 2006-இல் ஒப்படைக்கப்பட்டன. அடுத்து ரேநகரில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 30,000 வீடுகள் திட்டமிட்டார்கள். 2024 ஜனவரியில் அவற்றில் 15,000 வீடுகள் கைக்கு வந்தன. கந்தல் பொறுக்குவோரும் விசைத்தறித் தொழிலாளரும் அதில் உண்டு. இது சும்மா கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் ஊர்வலம் போனார்கள், மனு கொடுத்தார்கள், சிறுகச் சிறுகப் பணம் கட்டினார்கள்.

தென்னமெரிக்காவின் உருகுவேயில் 1968-இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. அங்கே உறுப்பினர்கள் தங்கள் உழைப்பையே பங்காகச் செலுத்திக் கட்டுகிறார்கள். உடைமை சங்கத்துக்கு, குடியிருக்கும் உரிமை குடும்பத்துக்கு. கடன்காரனோ தரகனோ அந்த வீட்டைத் தனியாகப் பிடுங்க முடியாது.

ஆனால் தோழர்களே, "தன்னார்வச் சங்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மயங்கிவிடக் கூடாது. யாரைச் சேர்ப்பது என்பதும் அவர்கள் விருப்பம் என்றால், சங்கமே அக்கிரகாரமாகிவிடும். 2005-இல், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுபான்மையினர் ஒருவரையொருவர் அணைத்துக்கொள்ள உதவும் அதே விதி, ஆதிக்கச் சாதியின் கையில் மதில் சுவராகும். ஊர், சேரி என்று பிரிந்த நாட்டில் விருப்பம் என்பது சாதிக்கு இன்னொரு பெயராகிவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சங்கம் சாதியால் அல்ல, உழைப்பால் சேரட்டும். தறிக்காரர், துப்புரவுப் பணியாளர், சித்தாள், வீட்டுவேலை செய்பவர் எல்லாரும் ஒரே பதிவேட்டில் வரட்டும். அரசு நிலம் தரும் எந்தச் சங்கத்திலும் சாதியைக் காட்டி உறுப்பினர் இடத்தை மறுக்கக் கூடாது என்று விதி எழுதப்படட்டும். நிலம் நகருக்குள் இருக்கட்டும். தறி போடுபவருக்குத் தரைத்தளம் ஒதுக்கட்டும். உரிமைப் பத்திரம் பெண் பெயரில் இருக்கட்டும்.

கூட்டுறவு இந்த ஊருக்குப் புதிதல்ல. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்று பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் பெயர்கள் நமக்குப் பழக்கம். சேலை விற்கக் கூடத் தெரிந்த ஊருக்கு, சேர்ந்து குடியிருக்கத் தெரியாதா? மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதியில் வாடகைக்கு இருக்கும் உழைக்கும் குடும்பங்களை வீடு வீடாகப் பட்டியல் எடுங்கள்: வாடகை எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு தூரம், எத்தனை இடத்தில் வீடு மறுத்தார்கள். சோலாப்பூர்ப் பெண்களும் பெயர் எழுதித்தான் சேர்ந்தார்கள். நம் முதல் பதிவேடும் அப்படித்தான் உருவாகும்.

ஜெய் பீம்.